மிருகமே இருந்துவிட்டுப் போகட்டும்

தேவதைக் கதைகளைத் திருப்பி எழுதும் காதல் நாவல்கள் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க. அரசியல் எங்கும் போய்விடாது.

கே: முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதையை எதற்கு மறுபடி எழுதுகிறார்கள்? சொந்தமாக ஒன்றும் தோன்றாததாலா? (வாசகி, குடியாத்தம்)

ப: ஒருவர் விஷயத்தில் நிஜமாகவே அதுதான் காரணம். அமெரிக்க எழுத்தாளர் கெய்ல் கார்சன் லெவின் ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தார். வகுப்புக்கு ஏதாவது எழுதிக்கொண்டு போக வேண்டும், கதைக்கரு சிக்கவில்லை. சிண்டரெல்லாவை எடுத்துக்கொண்டால் கதை தயாராக இருக்கிறதே என்று கணக்குப் போட்டார். எழுத உட்கார்ந்த பிறகுதான் வம்பு. இந்தப் பெண் சித்தி சொல்வதையெல்லாம் ஏன் வாயைத் திறக்காமல் செய்கிறாள்? நல்ல பெண் என்பதாலா? அவ்வளவு நல்ல பெண்ணோடு ஒரு நாவல் முழுக்கக் குடித்தனம் நடத்த லெவினால் ஆகவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் அடக்கமானவளே அல்ல, சாபம் வாங்கியவள். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த லூசிண்டா என்கிற அசட்டுத் தேவதை, ‘யார் எதை உத்தரவிட்டாலும் நீ செய்வாய்’ என்று ‘வரம்’ கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். 1997இல் வந்த ‘எல்லா என்சான்டட்’ பிறந்தது அந்த ஒரு சந்தேகத்திலிருந்துதான். மறு வருடம் நியூபெரி ஹானர் விருது கிடைத்தது. ஆக, சோம்பலில் தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் பழைய கதையிடம் கேட்க ஒரு கேள்வியாவது வேண்டும். அது இல்லாமல் எழுதினால் அட்டை மட்டும்தான் புதுசு.

கே: சிண்டரெல்லாவும் இளவரசனும் ஆடியது ஒரே ஒரு ராத்திரி. அதற்குள் என்ன காதல்? (வாசகர், தென்காசி)

ப: ஷார்ல் பெரோ 1697இல் எழுதியதில் இரண்டு ராத்திரி, கிரிம் சகோதரர்களிடம் மூன்று. எப்படிப் பார்த்தாலும் பஸ் சிநேகத்துக்கு மேல் போகாது. கேட்பவர் காதலைக் கேட்காமல் ஒப்புக்கொள்வார் என்ற தைரியம் பழைய கதைக்கு உண்டு. நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

லெவின் செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். எல்லாவும் இளவரசன் சாரும் (பெயரே அதுதான், நான் மரியாதைக்குச் சொல்லவில்லை) முதலில் சந்திப்பது அவள் அம்மாவை அடக்கம் செய்யும் இடத்தில். அப்புறம் அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தில், விருந்திலிருந்து நழுவி, ஒரு பழைய மாளிகையின் படிக்கட்டுக் கைப்பிடியில் இருவரும் சறுக்கி விளையாடுகிறார்கள். அந்தக் கண்ணாடிச் செருப்பு அங்கே கிடைத்ததுதான். பிறகு அவன் வெளிநாட்டில் இருக்கும்போது கடிதம் கடிதமாகப் பழக்கம் வளர்கிறது. நடன விருந்து வரும்போது காதல் முற்றிப் பழுத்தாயிற்று. கதைக்குத் தவிர்க்க முடியாத பொருளை, இருவர் மட்டும் அறிந்த பொருளாக முன்கூட்டியே வைத்துவிடுகிறார் பாருங்கள். கடைசியில் செருப்பு காலுக்குப் பொருந்தும்போது நாம் அளவையா பார்க்கிறோம்? அந்தப் படிக்கட்டைத்தான் நினைக்கிறோம்.

இன்னொன்று. இளவரசன் ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்’ என்கிறான். அவள் காதில் அது உத்தரவு. சரி என்றால் நாளைக்கு எவனாவது அவளை விட்டே இளவரசனைக் கொல்லச் சொல்லலாம். அதனால் உடம்பெல்லாம் பதற, மாட்டேன் என்கிறாள். சாபம் உடைகிறது. உச்சக்கட்டத்தில் கதாநாயகி ‘மாட்டேன்’ சொல்லி ஜெயிக்கும் காதல் கதை, நம் சினிமாக்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

கே: தவளைக்கு முத்தம் கொடுத்தால் இளவரசன் ஆகுமா? (வாசகர், கோவில்பட்டி)

ப: கிரிம் சகோதரர்கள் கதையில் முத்தமே இல்லை. இளவரசி எரிச்சலில் தவளையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள். கீழே விழுகிறவன் இளவரசன். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கே: ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கதையைக் காதல் கதை என்கிறார்கள். அடைத்து வைத்தவனைக் காதலிப்பது எந்த ஊர் நியாயம்? (வாசகி, ஈரோடு)

ப: நியாயமான கோபம். இந்தக் கதையைத் தொடும் ஒவ்வொரு எழுத்தாளரும் முதலில் பதில் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான். பழைய பிரெஞ்சுக் கதையிலேயே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது: அப்பாவுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று பெண் தானே கிளம்புகிறாள், மிருகம் தினமும் ராத்திரி சாப்பாட்டு வேளையில் தன்னை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்கிறது, அவள் தினமும் முடியாது என்கிறாள், அது பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கை நீட்டுவதில்லை. ஊருக்குப் போய்வருகிறேன் என்றால் அனுப்பியும் வைக்கிறது. நல்ல மறுபுனைவுகள் இந்த ஜன்னலைக் கதவாக்குகின்றன. கடைசி அத்தியாயம் வரை பூட்டை மாட்டி வைத்துவிட்டு ‘ஆனாலும் அவன் மனசு தங்கம்’ என்று எழுதும் நாவல்களும் வண்டி வண்டியாக உண்டு. அவற்றை நான் பாதியில் மூடிவிடுவேன்.

கே: இந்தக் கதையின் மூலத்தை எழுதியது டிஸ்னியா, கிரிம் சகோதரர்களா? பந்தயம் கட்டியிருக்கிறோம். (இரு நண்பர்கள், திண்டிவனம்)

ப: இருவருமே தோற்றீர்கள். பணத்தை எனக்கு அனுப்பலாம். 1740இல் பிரான்ஸில் மதாம் த வில்நெவ் எழுதியது அது, பெரியவர்களுக்கான நெடுங்கதை. அதில் மிருகம் தினமும் கேட்பது ‘என்னோடு படுக்க வருகிறாயா’ என்று. 1756இல் லப்ரான்ஸ் த போமோன் என்ற ஆசிரியை பிள்ளைகளுக்காகச் சுருக்கியபோது, அது ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா’ ஆயிற்று. உலகம் அறிந்தது சுருக்கத்தைத்தான். அதாவது, ‘மூலக்கதை’ என்று நாம் கும்பிடுவதே ஒரு மறுபுனைவு.

வில்நெவ் கதையில் நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய கட்டம் ஒன்று போமோன் கையில் காணாமல் போய்விட்டது. மிருகம் இளவரசனானதும் அவன் அம்மா மகாராணி வந்து இறங்குகிறார். மகனைக் காப்பாற்றியவளுக்கு நன்றி எல்லாம் சரி, ஆனால் ஒரு வியாபாரி மகளையா மருமகளாக்குவது என்று முகம் சுளிக்கிறார். அப்போது தேவதை, இந்தப் பெண் வியாபாரிக்குப் பிறந்தவளே அல்ல, உன் கூடப்பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவரின் மகள் என்று உடைக்கிறாள். ஆக இளவரசன் கட்டியது மாமன் மகளை. முறைப்பெண்! பாரீஸில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் எழுதியதை உசிலம்பட்டியில் யாரும் மறுக்க முடியாது.

கே: ஸ்னோ ஒயிட்டின் சித்தி அவ்வளவு கெட்டவளா? (ஒரு சித்தி, மாயவரம்)

ப: பாவம், பழி மாறி விழுந்தது. 1812 முதல் பதிப்பில் அவள் சொந்த அம்மா. கிரிம் சகோதரர்கள் 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக்கினார்கள். பெற்றவளைப் பொல்லாதவளாகக் காட்ட மனம் வரவில்லை போலும்.

கே: ஒரே கதையை ஒரே எழுத்தாளர் இரண்டு தடவை எழுதலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

ப: ராபின் மெக்கின்லி எழுதினார். இரண்டும் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கதைதான். இந்தப் பக்கத்தில் வந்த மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அவரே பதில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதல் நாவல் ‘பியூட்டி’, 1978. தொலைக்காட்சியில் இந்தக் கதையைப் படமாக எடுத்த விதம் பிடிக்காமல் எழுத உட்கார்ந்தார். தெரிந்த கதையை யாராவது சொதப்பிவிட்டால் நமக்கு வருமே ஓர் ஆத்திரம், அதே ஆத்திரம். அவருடைய நாயகி அழகியே இல்லை. ஹானர் என்று பெயர் வைத்தார்கள். அது பிடிக்காமல் சின்ன வயதில் அவளே அழகி என்ற பட்டப்பெயரை எடுத்துக்கொள்ள, அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வளர்ந்த பிறகு அந்தப் பெயர்தான் தொல்லை.

அக்காள்களையும் மெக்கின்லி நல்லவர்களாக்கினார். இங்கேதான் கைவேலை. போமோன் கதையில் அக்காள்கள் பொறாமைக்காரிகள். தங்கை கிளம்பும்போது அழுகை வருவதற்காகக் கண்ணில் வெங்காயத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள். அவள் ஊருக்கு வந்தபோது அவளைத் தாமதிக்க வைத்து மிருகத்தைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோவது அவர்கள் சூழ்ச்சிதான். அக்காள்களைத் திருத்திவிட்டால் தங்கை ஏன் தாமதிக்கிறாள்? கதை அந்த இடத்தில் பொத்தென்று விழுந்துவிடும். மெக்கின்லி ஒரு மாற்று வைத்தார்: கடலில் போனவன் போனவன்தான் என்று பெரியக்காள் நம்பிக்கை இழந்திருந்த காதலன் உயிரோடிருக்கிறான், அந்தச் செய்தியோடுதான் தங்கை வீட்டுக்கு வருகிறாள். அக்காள் காதல் கூடிவரும் நேரத்தில் தன் காதலைக் கவனிக்கக் கிளம்ப மனம் வரவில்லை. பொறாமை செய்த வேலையைப் பாசம் செய்கிறது. பழைய கதையில் ஒன்றை எடுத்தால் அது தாங்கிக்கொண்டிருந்ததை வேறு எதனால் தாங்குவது என்பதுதான் மறுபுனைவு எழுதுகிறவரின் முக்கால்வாசி வேலை. வர்ணனை எல்லாம் மீதிக் கால்வாசி.

இரண்டாவது நாவல் ‘ரோஸ் டாட்டர்’, 1997. இடையில் அவர் இங்கிலாந்துக்குக் குடிபோய், தோட்டம் போட்டு, ரோஜாப் பைத்தியமாகிவிட்டார். இந்த நாவலின் நாயகி தோட்டக்காரி. மிருகத்தின் கண்ணாடி வீட்டில் ரோஜாச் செடிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. அவள் மண்ணைக் கிளறி, எரு போட்டு, கையைக் குத்திக்கொண்டு அவற்றைப் பிழைக்க வைக்கிறாள். மாயாஜாலக் கதையில் இவ்வளவு தோட்ட வேலையா என்று முதலில் எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. போகப் போகப் புரிந்தது, அந்தக் காதலே அந்த வேலைதான்.

கே: கடைசியில் மிருகம் அழகான இளவரசனாவது எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு ஏதாவது கோளாறா? (வாசகி, பெயர் வேண்டாம்)

ப: இல்லை, நீங்கள் பெரிய கூட்டத்தில் ஒருவர். இருநூறு பக்கம் ஒருவனோடு பழகிவிட்டு, கல்யாண மேடையில் வேறு ஒருவன் நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ழான் காக்தோ 1946இல் படமாக எடுத்தபோது, மிருகம், இளவரசன், நாயகியைச் சுற்றிவரும் உள்ளூர் இளைஞன் மூன்று பேரையும் ஒரே நடிகர் ழான் மரேயை நடிக்க வைத்துச் சமாளித்தார். ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் ‘தி பிளடி சேம்பர்’ தொகுப்பில் இந்தக் கதையை இரண்டு விதமாக எழுதினார். ஒன்றில் மிருகம் மனிதனாகிறது, மற்றொன்றில் பெண்ணே புலியாகிறாள். ‘ரோஸ் டாட்டர்’ முடிவில் மெக்கின்லி தேர்வை நாயகியிடமே விடுகிறார். அவள் மிருகம் மிருகமாகவே இருக்கட்டும் என்கிறாள். இந்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கே: தமிழில் இப்படி யாரும் எழுதவில்லையா? (வாசகர், மட்டக்களப்பு)

ப: தேவதைக் கதைகளை வைத்து எழுதியது குறைவு. புராணத்தை வைத்து எழுதியதில் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ போதும், ஒரு மொழி மார்தட்டிக்கொள்ள. கல்லாக இருந்து மீண்ட அகலிகையும் அவள் கணவனும் அதற்குப் பிறகு ஒரு வீட்டில் எப்படிச் சேர்ந்து வாழ்வார்கள் என்று கேட்டார். சாபம் தீர்ந்ததும் சுபம் போடும் இடத்தில் அவர் கதையைத் தொடங்குகிறார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். பக்கத்துக் கன்னடத்தில், ஏ.கே. ராமானுஜன் சொன்ன நாட்டார் கதையிலிருந்து கிரீஷ் கர்னாட் எழுதிய ‘நாகமண்டலா’வையும் தேடிப் படியுங்கள். புருஷன் வடிவத்தில் ராத்திரி மட்டும் வரும் பாம்பு, புருஷனைவிட நல்ல புருஷன்.

கே: நானும் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கதையைத் தஞ்சாவூரில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். டிஸ்னி கேஸ் போடுமா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: பழைய கதை யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் 1991 டிஸ்னி படத்தின் சொந்தச் சரக்கை எடுக்காதீர்கள்: மார்பு தட்டும் காஸ்டன், பேசும் தேநீர்க் கெண்டி, கண்ணாடி மூடிக்குள் இதழ் உதிர்த்துக் கெடு குறிக்கும் ரோஜா. பழைய கதையில் ரோஜா அப்பா திருட்டுத்தனமாகப் பறித்த பூ, அவ்வளவுதான். மற்றபடி தாராளமாக எழுதுங்கள். உங்கள் மிருகத்தின் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பரிமாறினார்கள், அவள் எத்தனையாவது நாள் முதல் தடவை சிரித்தாள், ஏன் சிரித்தாள் என்று உங்களுக்குத் தெரிந்தால் நாவல் தேறும். முடித்ததும் என் விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், பதிப்பாளருக்கு அனுப்புங்கள். புத்தகமாக வந்தால் காசு கொடுத்து வாங்கிப் படித்துக்கொள்கிறேன்.