கப்பம் கட்டிய செம்புத் தீவு

கேள்வி: பண்டைய சைப்ரஸை யார் யார் ஆண்டார்கள்?

பதில்: கப்பல் வைத்திருந்த பேரரசுகள் மட்டுமல்ல, சொந்தக் கப்பற்படை இல்லாத அசீரியாவும் ஆண்டது! செம்பும் மரமும் நிறைந்த தீவை யார்தான் விடுவார்கள்? கி.மு. 707 வாக்கில் அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் கித்தியோனில் கல்வெட்டு நாட்டினான். ஏழு சிற்றரசர்கள் கப்பம் கட்டியதை அது பெருமையாகச் சொல்கிறது. கப்பம் ஒழுங்காக வந்தவரை அரசர்கள் தத்தம் அரியணையில் நீடித்தார்கள்.

அடுத்து எகிப்தின் அமாசிஸ், பிறகு பாரசீகம். கி.மு. 498 வாக்கில் சலாமிஸின் ஒனேசிலோஸ் கிளர்ந்தெழுந்து போர்க்களத்தில் மாண்டான். கி.மு. 332இல் சைப்ரஸ் மன்னர்கள் டயர் நகர முற்றுகைக்குச் சுமார் 120 கப்பல்களை அனுப்பி அலெக்சாந்தர் பக்கம் சாய்ந்தார்கள். பலன்? அவருக்குப் பின் வந்த தாலமி, சிற்றரசுகளையே ஒழித்துவிட்டார்.

கி.மு. 58இல் ரோம் தீவை எடுத்துக்கொள்ள, அங்கு ஆண்ட தாலமி மரபு மன்னன் விஷம் குடித்து இறந்தான். அதைவிடக் கொடுமை கடன்தான். சீசரைக் குத்திய அதே புரூட்டஸ், சலாமிஸ் நகருக்கு ஆள் வைத்து 48 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார். வசூலிக்க வந்தவன் குதிரைப்படையோடு நகர மன்றத்தை முற்றுகையிட, உறுப்பினர்கள் ஐவர் பட்டினியால் செத்தார்கள். ஆளுநராக வந்த சிசரோ படையைத் திருப்பி அழைத்தார், 12 சதவீதம்தான் செல்லும் என்றார். ஆனால் வழக்கை முடிக்காமலே போய்விட்டார். அது மன்னிக்க முடியாத தயக்கம்.

இடையில் ஆண்டனி தீவைக் கிளியோபாட்ராவுக்குக் கொடுத்தார். அவள் மறைந்ததும் அது மீண்டும் ரோமிடம் வந்தது. கி.மு. 22இல் அகஸ்டஸ் அதைச் செனட்டின் பொறுப்பில் விட்டார்.