குஞ்சத்துக்கு வேற பேர் வெக்காதே, கண்ணு

வாங்கிக்கோ கண்ணு. அந்த ஊதாக் கலர் ஹப்பு வேணும்னா தாராளமா வாங்கிக்கோ. அதே ஊதாவுல பெடலு, பிரேக் லீவரு, ஹேண்டில்பார் முனைக்கு ரெண்டு மூடி, ஒண்ணையும் விட்டு வெக்காதே. நீ சம்பாதிக்கறே, நீ செலவு பண்றே. சான் ஹோசேல வாரம் பூராக் கம்ப்யூட்டர் முன்னாடி குனிஞ்சு உக்காந்திருக்கற பையன், ஞாயித்துக்கிழமையாவது மலையில நாலு பேர் திரும்பிப் பாக்கப் போகணும்னு ஆசைப்படறதுல என்ன குத்தம்?

ஆனா வாட்ஸப்புல ஒரு வரி அனுப்பியிருக்கறே பாரு, "இது அழகுக்கில்ல தாத்தா, பர்ஃபாமன்ஸுக்கு"ன்னு. அதைப் படிச்சுட்டு உங்க ஆத்தா கேக்கற அளவுக்குச் சிரிச்சுட்டேன்.

காலம் பூராச் சைக்கிள் கடை வெச்சிருந்தவன்கிட்ட இதைச் சொல்லலாமா? நம்ம கடைக்கு வராத ஷோக்கா? ஹப்பைச் சுத்திக் கலர் குஞ்ச வளையம் மாட்டச் சொல்லுவானுக. போக்ஸ் கம்பியில கலர் கலரா மணி கோப்பானுக. ஹேண்டில்பார்ல பிளாஸ்டிக் ரிப்பன் தொங்கும். பின் மட்காடுல ஒரு நடிகர் சிரிச்சுட்டிருப்பாரு. அதுல ஒருத்தனாவது "இதைக் கட்டினா வண்டி காத்தைக் கிழிச்சுட்டுப் போகும்ணா"ன்னு சொன்னதில்ல. "ஷோக்கா இருக்குதுண்ணா"ம்பான், காசைக் குடுப்பான், பெல்லை ரெண்டு தரம் அடிச்சுட்டுப் போயிருவான். பகட்டுக்குப் பகட்டுன்னே பேர் வெச்சவன் அவன். உங்க மலைச் சைக்கிள் கூட்டத்துல எனக்குப் பிடிபடாத சங்கதி இது ஒண்ணுதான்.

ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ல இருக்கற சைக்கிள் மியூசியத்துக்கு நீதானே கூட்டிட்டுப் போனே. பழைய வண்டிகளுக்கு முன்னாடி நின்னு நீ செல்ஃபி எடுத்துட்டிருந்தே. நான் குனிஞ்சு பின் ஹப்பைப் பாத்துட்டிருந்தேன். முட்டி வலியில குனிஞ்சுட்டேன்னு நெனச்சிருப்பே. அதில்ல சாமி. உங்க விளையாட்டு மொத்தமும் அந்த ஹப்புக்குள்ள இருந்துதான் வந்துருக்குது.

1970-கள்ல அந்த ஊர் இருக்கற மரின் கவுண்டிப் பசங்க டாமல்பயஸ் மலைப் பக்கம் ஓட்டினது 1930-கள்லயும் 40-கள்லயும் செஞ்ச ஷ்வின் சைக்கிளு. பழைய சாமான். தடிச்ச டயரு, தூக்கினா இடுப்பு பிடிக்கற எடை. அதுல கோஸ்டர் பிரேக்கு. பெடலைப் பின்னாடி அழுத்தினா ஹப்புக்குள்ளயே பிடிக்கும், கம்பியும் கெடையாது கட்டையும் கெடையாது. 1976 அக்டோபர் 21-ம் தேதி முதல் பந்தயம் வெச்சாங்க. ரெண்டு மைலுக்கும் குறைஞ்ச தூரத்துல 1,300 அடி இறக்கம். கீழ வந்து சேர்றதுக்குள்ள ஹப்புல இருந்த கிரீஸ் காஞ்சு, பொகைஞ்சு, ஆவியாப் போயிரும். அடுத்த தரம் இறங்கணும்னா ஆக்சிலைக் கழட்டிப் பிரிச்சு, புதுசாக் கிரீஸ் அடைக்கணும். அதனாலயே அந்தப் பாதைக்கு ரீபேக்னு பேராப் போச்சு. அந்தப் பசங்கள்ல ஒருத்தரான கேரி ஃபிஷர் அதை 4 நிமிசம் 22 செகண்டுல இறங்கியிருக்கறாரு. இறங்கினதும் அவர் வண்டி எப்படி நாறியிருக்கும்னு எனக்குத் தெரியும். எரிஞ்ச கிரீஸ் நாத்தம் சட்டையை மூணு தரம் துவைச்சாலும் போகாது.

அவங்க போட்டிருந்த துணியைப் பாத்தியா? ஜீன்ஸு, கெட்டியான கட்டம் போட்ட சட்டை, வேலைக்குப் போற பூட்ஸு, தோல் கையுறை. விழுந்தா தோல் உரியக் கூடாதுன்னு ஊட்ல கெடந்ததை எடுத்து மாட்டிட்டு வந்திருக்கறாங்க. இன்னிக்கு அதே கட்டம் போட்ட சட்டையை மலைச் சைக்கிள்காரனுக்குன்னு தனியாத் தெச்சு, வேர்வை உறிஞ்சும்னு ஒரு சீட்டுக் கட்டித் தொங்க விட்டிருக்கறான். நீயும் ரெண்டு வாங்கி வெச்சிருக்கறே. பாத்தேன்.

அதுக்காக அந்தக் காலத்து ஆளுக எல்லாம் பகட்டே தெரியாத சாமியாருகன்னு நெனச்சுக்காதே. ஃபிஷரை முடி நீளமா இருக்குதுன்னு ரோட்டுப் பந்தயத்துல இருந்தே விலக்கி வெச்சிருக்கறாங்க. அப்பவும் வெட்டலையே! அதே கூட்டத்துல ஜோ ப்ரீஸ்னு ஒருத்தர் இருக்கறாரே, பழைய ஃபிரேமுக வளையுது ஒடியுதுன்னு 1977-ல க்ரோமாலிக் குழாய் வெச்சு மலைக்குன்னே புது ஃபிரேம் கட்டினவரு, அந்த முதல் வண்டிக்கு நிக்கல் முலாம் போட்டாரு. பளபளன்னு இருக்கும். துருப் பிடிக்காதுங்கறதும் நெசம், பாத்தாக் கண்ணு கூசும்ங்கறதும் நெசம். அது இன்னிக்கு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்குது.

உன்னோட ஊதாவுக்கும் ஒரு வம்சம் இருக்குது. 1990-கள்ல மலைச் சைக்கிள்ல தொட்டதெல்லாம் ஊதா. மெஷின்ல கடைஞ்ச அலுமினியத்துல கிராங்கு, லீவரு, ஹப்பு, எல்லாத்துக்கும் சாயம் ஏத்தி வித்தாங்க. எடை குறையணும்னு கண்ட எடத்துல துளை போட்டாங்க. அதுல நெறைய கிராங்கு விரிசல் விட்டுது, ஒடிஞ்சுது. மிதிச்சுட்டிருக்கறப்ப கிராங்கு ஒடிஞ்சா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்ல வேண்டாம், நீ இன்னும் கல்யாணம் ஆகாத பையன். இப்ப அந்த ஊதா திரும்பி வந்துருக்குது. வரட்டும். சாயத்தால ஒரு கிராம் எடையும் குறையாது, ஒரு கிராம் பலமும் கூடாது. கண்ணுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான். அதுபோதாதா?

பகட்டை ஒத்துக்கற தைரியம் யாருக்கு இருக்குதுன்னு சொல்றேன் கேளு. டவுன்ஹில் பந்தயம் ஓட்டறவங்களுக்கு. செகண்டுல பத்துல ஒரு பங்குக்கு உசுரக் குடுத்து இறங்கறவங்க. உடம்போட ஒட்டின லைக்ரா உடுப்புப் போட்டா காத்துத் தடை குறையும், நேரம் மிச்சம். 1990-கள்ல அப்படி உடுத்திட்டு இறங்கினவங்க நெறையப் பேரு. இன்னிக்கு உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ சட்டத்துலயே எழுதியிருக்குது, டவுன்ஹில்ல இறுக்கமான லைக்ரா கூடாதுன்னு. எதுக்குன்னு கேட்டா, ஆபத்துன்னு சொல்ல முடியாது. பாக்க நல்லால்ல, இந்த விளையாட்டுக்கு அது பொருந்தல. அவ்வளவுதான் சங்கதி. மோட்டோக்ராஸ்காரன் போடற தொளதொளா பேண்ட்டு போட்டுட்டு, காத்துல படபடன்னு அடிச்சுட்டு, கொஞ்சம் மெதுவா வந்தாலும் ஷோக்கா வருவோம்னு சட்டமே போட்டுட்டாங்க. இவங்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். உலகத்துலயே வேகத்துக்குன்னு இருக்கற பந்தயத்துல, வேகத்தைக் கொஞ்சம் வித்து அழகை வாங்கியிருக்கறாங்க. பில்லுல ஒளிவு மறைவே இல்ல.

இப்ப உன் புது வண்டிக்கு வர்றேன். வீடியோவுல காட்டினயே, "ஒரு கேபிள்கூட வெளிய தெரியல பாருங்க தாத்தா"ன்னு. பாத்தேன் சாமி. பிரேக் குழாய் ஹேண்டில்பாருக்குக் கீழ போயி, கழுத்துல இருக்கற மேல் பேரிங்குக்கு நடுவுல நுழைஞ்சு, ஃபிரேமுக்குள்ள இறங்கிப் போயிருது. பாக்கறதுக்கு மழுமழுன்னு இருக்குது. மழைத் தண்ணியும் சேறும் போயி உக்கார்ற எடம் எது தெரியுமா? அதே மேல் பேரிங்குதான். ஒரு குளிர்காலம் தாங்கும், ரெண்டு தாங்கும், அப்புறம் ஹேண்டிலைத் திருப்பினா கரகரங்கும்.

நம்ம கடையில கழுத்துக்குப் பால்ரஸ் மாத்தறதுன்னா டீ சொல்லி விட்டுட்டு ஆரம்பிச்சா, டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். உன் வண்டிக்கு? பேரிங்கை வெளிய எடுக்கணும்னா குழாய் குறுக்க நிக்குது. அதனால குழாயை லீவர்ல இருந்து கழட்டணும். கழட்டினா ஆயில் ஒழுகும். குழாயை உருவி எடுத்துப் பேரிங்கை மாத்தி, மறுபடி உள்ள விட்டு, முனையை வெட்டி, புது வளையம் போட்டு, லீவர்ல பூட்டி, ஊசி வெச்சு ஆயில் ஏத்தி, காத்துக் குமிழி போற வரைக்கும் தட்டித் தட்டி எடுக்கணும். மெக்கானிக் மணிக்கணக்குல கூலி வாங்குவான். வாங்கட்டும், அவனும் பொழைக்கணும். இத்தனைக்கும் காரணம் என்னன்னா, குழாய் வெளிய தெரியக் கூடாது. அதை அழகுக்குன்னு சொல்லியிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். "காத்துத் தடை குறையும்"னு கம்பெனிக்காரன் சொன்னான்னு நீ சொல்றே பாரு. மூச்சு வாங்கிட்டு முக்கி முக்கி மலை ஏர்ற வேகத்துல, எந்தக் காத்துடா உன்னைத் தடுத்துது?

ஒண்ணு கவனிச்சிருக்கறயா? உங்க கூட்டம் எதை எதை எல்லாம் பாத்துச் சிரிச்சுதோ, அதது பின்னால ஜெயிச்சு வந்து உக்காந்திருக்குது. 29 அங்குலச் சக்கரத்தைப் பல வருசம் கோமாளி வண்டின்னு சிரிச்சாங்க. 2017-ல கிரெக் மின்னார் ஸ்காட்லாந்து ஃபோர்ட் வில்லியம்ல அதே சக்கரத்துல டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயத்தை ஜெயிச்சாரு. ஷூவைப் பெடலோட பூட்டிக்காதவன் கத்துக்குட்டின்னாங்க. சாம் ஹில் சாதாத் தட்டைப் பெடல்ல 2017, 2018, 2019 மூணு வருசமும் எண்டியூரோங்கற மலைப் பந்தயத்துல உலகப் பட்டம் வாங்கினாரு.

சீட்டை ஏத்தி இறக்கற கம்பி கதை இன்னும் தமாசு. அதே ஜோ ப்ரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் 1984-லயே ஒரு ஸ்பிரிங்கு கண்டுபிடிச்சாங்க, ஹைட்-ரைட்டுன்னு பேரு. சீட்டுக் குழாயையும் ஃபிரேமையும் ஒரு கம்பிச் சுருளால கோத்து விட்டாச்சு. வண்டியில உக்காந்தபடியே பிடியைத் திறந்து, உடம்பை அழுத்தினா சீட்டு இறங்கும். உடம்பை எடுத்தா ஸ்பிரிங்கு தூக்கி விட்டுரும். பாக்கறதுக்கு அவலட்சணம். இறக்கத்துல இறங்கறவனுக்கு உசுரு. அதுக்கப்புறம் ஹேண்டில்ல பொத்தான் வெச்ச டிராப்பர் சீட்டு வந்து, மலைச் சைக்கிள் முழுக்கப் பரவிருச்சு. ரோட்டுச் சைக்கிள்காரங்க மட்டும் எங்க வண்டிக்கு எதுக்கு இந்தக் கனம், இந்த அசிங்கம்னு தள்ளி நின்னாங்க. ஸ்லொவேனியாக்காரர் மாத்தே மொஹோரிச் 2022 மார்ச்சுல மிலான்–சான்ரெமோ பந்தயத்துக்கு ரோட்டு வண்டியில அதை மாட்டிட்டு வந்தாரு. போஜ்ஜோ இறக்கத்துல சீட்டைக் கீழ தள்ளி, உடம்பைத் தாழ்த்தி, தனியாப் பிச்சுட்டு வந்து ஜெயிச்சுட்டாரு. மறுநாள் அசிங்கம்னு சொன்ன ஆளுகளைத் தேடினாலும் கெடைச்சிருக்காது.

மட்காடும் அப்படித்தான். உன் கூட்டாளிக மட்காடு மாட்டினவனைப் பாத்துக் கண்ணடிக்கறாங்கன்னு நீதான் சொன்னே. உலகக் கோப்பையில சேறு இருந்தா முன் ஃபோர்க்குக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் தகடு கட்டிட்டுத்தான் வர்றாங்க. கண்ணுல சேறு அடிச்சா ஷோக்கும் தெரியாது, பள்ளமும் தெரியாது. கலருக்கு அங்க எவ்வளவு மதிப்புன்னும் கேளு. ஆரன் க்வின் 2015-ல ஆஸ்திரியா லியோகாங்ல பந்தயம் கெளம்பின எடத்துலயே செயின் அறுந்து, மிதிக்கவே முடியாம, வளைவுல முடிஞ்ச வரைக்கும் பிரேக்கைத் தொடாம, வேகத்தைச் சேத்துச் சேத்து வெச்சுட்டு வந்து முதல் ஆளா நின்னாரு. எந்தக் கலர் செயின் அறுந்துதுன்னு யாரும் கேக்கல.

நீ சும்மா இருக்க மாட்டே, "அழகா இருந்தாத்தானே தாத்தா ஓட்டத் தோணும்"பே. அதை நான் ஒத்துக்கறேன். இன்னும் மேலயே சொல்றேன். வண்டி மேல ஆசை இருக்கறவன்தான் அதைத் தொடைப்பான். துணியை வெச்சுக் குழாய்க் குழாயாத் தொடைக்கறவன் கண்ணுலதான் வெல்டிங் பக்கத்துல மயிரிழை விரிசல் படும். நம்ம பசங்க கட்டின குஞ்ச வளையமே சக்கரம் சுத்தச் சுத்த ஹப்புல தூசி தங்காமத் தொடைச்சுட்டே இருந்துது. அதையும் ஒருத்தன்கூட அந்த வேலைக்குன்னு சொல்லி மாட்டல.

ஓட்டி முடிச்சுக் காபிக் கடையில உக்காந்திருக்கற படம் அனுப்பினயே, அதுல முழங்கால் கவசம், நெத்தி மேல பெரிய கண்ணாடி, இடுப்புல பை. நாற்காலியில இருந்து விழுந்தாலும் அடிபடக் கூடாதுங்கற முன்ஜாக்கிரதை எனக்குப் பிடிச்சுது. கழட்டச் சொல்ல மாட்டேன். அந்தக் காபிக் கடைப் புள்ள திரும்பிப் பாத்துருக்கும், நல்லது.

ஆக, ஊதா ஹப்பை வாங்கு. மிச்சக் காசுல பிரேக்குக்கு நல்ல பேடு ஒரு ஜோடி வாங்கி வெச்சுக்கோ. டயர் பட்டன் தேஞ்சு போயிருக்குது, வீடியோவுலயே தெரியுது, அதை மாத்து. அப்புறம் காசே செலவில்லாத வேலை ஒண்ணு. டயர்ல 50 பவுண்டு காத்து வெச்சிருக்கறதாச் சொன்னே. கல்லுப் பாதைக்கு அதுல பாதி போதும். உன் வண்டி வழுக்கறது ஹப்பு மட்டமானதுனால இல்ல, காத்து அதிகமானதுனால. இன்னிக்குச் சாயங்காலமே இறக்கிடு.