நாப்பது கும்புடும் ஒரு பள்ளிக்கூடமும்

மாப்ளே, உங்களுக்குத் தெரியாத சேதி உண்டுங்களா? அமராவதி வாய்க்கால்ல என்னைக்குத் தண்ணி உடறாங்கன்னு தெரியும். பெருந்துறை சொசைட்டியில நேத்துக் கொப்பரை என்ன வெலைக்குப் போச்சுன்னு தெரியும். அமெரிக்காக்காரன் திருப்பூர் பனியனுக்கு எதுக்கு வரியை ஏத்துனான்னு டீக்கடையில ஒரு பொழுது முச்சூடும் பேசுவீங்க. பன்னண்டாவது படிக்கிற உங்க பையனுக்குச் செய்முறைத் தேர்வு என்னைக்குன்னு கேட்டா மட்டும், "அவனத்தானுங் மாமா கேக்கோணும்"ங்கறீங்க.

நல்ல பதிலுங்க. இதையே கெட்டியாப் புடிச்சுக்குங்க. சேதி தெரிஞ்ச அப்பனுக்கு எத்தனை பாடு தெரியுங்களா? வேலையைப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போகோணும். வாத்தியாரு முன்னாடி சின்ன பெஞ்சுல முழங்காலை மடக்கி உக்காரோணும். "பையன் வேதியியல்ல கொஞ்சம்..."னு அவரு இழுக்கறதையெல்லாம் கேக்கோணும். தெரியாத அப்பனுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங். மே மாசம் முடிவு வர்ற அன்னைக்கு, வருசம் முச்சூடும் கத்த வேண்டியதை ஒட்டுக்காக் கத்தீட்டு, அக்கட்டால போயி வெத்தலை போட்டுக்கலாம்.

பொங்கலுக்கு மாட்டுக்கொம்புல அடிச்ச பெயிண்டு காயறதுக்கு முந்தியே பள்ளிக்கூடத்துல திருப்புதல் தேர்வு ஆரம்பிச்சுருதுங்க. பிப்ரவரியில செய்முறை. அது முடிஞ்ச கையோட பொதுத்தேர்வு. 2025-ல பன்னண்டாவதுக்கு மார்ச் 3-ல தொடங்கி 25-ல முடிஞ்சுது. பத்தாவதுக்கு மார்ச் 28-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் நடந்துது. இதெல்லாம் ராத்திரியோட ராத்திரியா முடிவு பண்ணுன தேதிங்களா? நாலு மாசத்துக்கு முன்னாடியே அறிவிச்சு, பேப்பர்ல போட்டு, டீவியில ஓட்டியாச்சு. அந்தப் பேப்பர்லதான் நீங்க முறுக்கு மடிச்சு வாங்கீட்டு வந்தீங்க.

உங்களையும் குத்தம் சொல்ல முடியாது. மாரியாத்தாளும் அதே பங்குனியத்தானே புடிச்சு வெச்சிருக்கறா. கம்பம் நட்டாச்சுன்னா நோம்பி முடியற வரைக்கும் ராத்திரியில தூக்கமேது? மைக்செட்டுக்காரன் கொழாயை உங்க ஊட்டு வேப்பமரத்துலதான் கட்டுவான். நோம்பிக் கமிட்டியில நீங்கதானுங்களே முன்னால நிக்கறது! கொடுமுடித் தீர்த்தம் எடுத்துட்டுப் பழனிக்கு நடக்கற கூட்டத்துக்கு எந்த ஊர்ல ஆரு மோரு ஊத்தறாங்கன்னு உங்களுக்கு வெரல் நுனியில இருக்குது. பையனுக்கு மறுநா இயற்பியல்னு மட்டும் தெரியாது. அவனும் சொல்ல மாட்டான். சொன்னா ராத்திரிக் கம்பத்தாட்டத்துக்கு உட மாட்டீங்களே!

சித்திரையானாக் கண்ணபுரம் சந்தைக்குப் போறவரு நீங்க. மாட்டுத் தரகன் துண்டை மேல போட்டுட்டு உள்ளுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசறதைப் பாத்திருக்கறீங்க. விக்கறவனுக்கு ஒரு வெலை, வாங்கறவனுக்கு ஒரு வெலை. நடுவுல நிக்கறவனுக்கு மட்டுந்தான் ரெண்டும் தெரியும். உங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல துண்டைப் போட்டுட்டு நிக்கறது ஆருன்னு நெனைச்சீங்க? "அப்பாவைக் கூட்டீட்டு வா"ன்னு வாத்தியாரு சொன்னா, இங்க வந்து "ஒன்னும் விசேசமில்லீங்ப்பா"ங்கறான். அங்க போயி "அப்பாவுக்குக் காச்சலுங் சார்"ங்கறான். தையில மட்டும் உங்களுக்கு மூணு தடவை காச்சல் வந்திருக்குதுங் மாப்ளே. ஒடம்பைப் பாத்துக்குங்க.

பையனைக் கோவிச்சு என்ன பண்றது? எவன் மேல புகாரோ அவன் கையிலயே புகார்ச் சீட்டைக் குடுத்தனுப்புனா அது எந்த ஊர்ல போய்ச் சேரும்? நானா இருந்தாலும் இட்டேரி வேலியில சொருகிப்போட்டுத்தான் வருவேன். அப்பிடியே ஊட்டுக்கு வந்தாலும், "பெற்றோர் கையொப்பம்"னு கீழ ஒரு கோடு போட்டிருப்பாங்க பாருங்க, அதுல உங்களைவிட அழகா உங்க கையெழுத்தைப் போட உங்க ஊட்டுலயே ஆளிருக்குது. பேங்குல உங்க கையெழுத்து ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்புனாங்களே, அவனைக் கூட்டீட்டுப் போயிருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்கும்.

ஒருக்காப் பள்ளிக்கூடம் போயி, பதிவேட்டுல உங்க பேருக்கு நேரா எந்தப் போன் நெம்பரு இருக்குதுன்னு பாத்துட்டு வாங்க. பதினொன்னாவது சேத்தறப்ப ஃபாரத்தை நெப்புனது ஆரு? நீங்க கண்ணாடி கொண்டு வரலைன்னு அவங்கிட்டத்தானே குடுத்தீங்க? "தங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை"ன்னு ஒரு மெசேஜ் வந்தா, அது அவன் ஜோப்புலயே கிணுகிணுங்கும். "தகவலுக்கு நன்றி சார்"னு அவனே பதிலும் போட்டுருவான். மருவாதி தெரிஞ்ச பையன், அதுல கொறை சொல்ல முடியாது.

நெம்பரு சரியா இருந்தாலும் கவலைப்பட வேண்டாமுங்க, வாட்ஸப் குரூப்பு காப்பாத்தீரும். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பாசிரியரு, "நாளை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம், தவறாமல் வரவும்"னு போடுவாங்க. ஆறரைக்குள்ள நாப்பது கும்புடு விழுந்துரும். அதுக்கு மேல ஆரோ ஒருத்தரு ரோசாப்பூப் படம் போட்டு இனிய இரவு வணக்கம்பாரு. அதுக்கும் மேல ஒருத்தரு, பூண்டைத் தட்டித் தண்ணியில போட்டுக் குடிச்சாச் சக்கரை எறங்கும்பாரு. பொழுது விடியறப்ப கூட்டத்துச் சேதி எங்க கெடக்குதுன்னு தேடோணும்னா மம்முட்டி வேணும். நீங்களும் கும்புட்டீங்க, நாம் பாத்தேன். எதுக்குன்னு கேட்டதுக்கு, "எல்லாரும் கும்புட்டாங்க"ன்னீங்க.

ஆனா ஒரு கூட்டத்துக்குப் போனீங்க, இல்லைன்னு சொல்லலை. "பையன் என்ன குரூப்புங்க?"ன்னு டீச்சரம்மா கேட்டதுக்கு, "ஓ பாசிட்டிவ்வுங்க"ன்னீங்களாமா. அந்தம்மா ஒரு பொழுது பூராச் சிரிச்சுதாமா.

காயிதம் பத்தியும் சொல்லீர்றேன். பரிச்சைக்கு முன்னாடியே பேரு, தலைப்பெழுத்து, பொறந்த தேதி எல்லாஞ் செரியான்னு பாக்கச் சொல்லுவாங்க. நீங்க பாக்காதீங்க. சுப்பிரமணியம் சுப்பிரமணியனா மாறி மார்க்சீட்டுல வந்தா என்ன கெட்டுப்போச்சு? அப்பறம் அந்த ஒத்தை எழுத்தைத் திருத்தறதுக்கு நாலு ஆபீசு ஏறி எறங்கலாம். நுங்கம்பாக்கத்துல இருக்கற தேர்வுத்துறை வரைக்கும் மனு போடலாம். மெட்ராசு பாக்காதவங்களுக்கு அது ஒரு சாக்கு.

உங்க காதுல உழுகாத சலுகைச் சேதியும் இருக்குதுங்க. ஆறாவதுல இருந்து பன்னண்டு வரைக்கும் கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துலயே படிச்ச பசங்களுக்கு மருத்துவப் படிப்புல நூத்துக்கு ஏழரை எடம் 2020-ல இருந்து ஒதுக்கீடு. அடுத்த வருசமே இஞ்சினீரிங்குக்கும் வந்துருச்சு. காலேஜ் சேந்தா மாசம் ஆயிரம் ரூவா தர்றாங்க. பொண்ணுகளுக்குப் புதுமைப் பெண்ணுன்னு 2022-ல வந்துது, பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு 2024-ல. ரெண்டாவதை நம்ம கோயமுத்தூருலதானுங்க தொடங்கி வெச்சாங்க. அன்னைக்கு நீங்களும் அந்தப் பக்கந்தான் போயிருந்தீங்க. கூட்டமா இருக்குதுன்னு வேற தடத்துல சுத்தீட்டு வந்தேன்னு பெருமையாச் சொன்னீங்க.

முதல் பட்டதாரிச் சான்று இருக்குது பாருங்க, எனக்குப் புடிச்சதே அதுதான். உங்க வம்சத்துல ஆரும் பட்டம் வாங்கலைங்கறது ஊரறிஞ்ச சேதி. அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் உண்டுங்க. அதைக் காட்டுனா இஞ்சினீரிங் கட்டணத்துல சலுகை. பாட்டனும் அப்பனும் படிக்காம உட்டது ஒரு வகையில சேமிப்புன்னு இப்பத்தான் தெரியுது! வருமானச் சான்று, சாதிச் சான்று, இது எல்லாத்தையும் மாசியிலயே வாங்கி வெச்சுக்கலாம். வேண்டாமுங்க. மே மாசம் கத்திரி வெயில்ல ஊரே இ-சேவை மையத்து வாசல்ல நிக்கும். கூட்டத்தோட கூட்டமா நின்னாத்தான் நமக்கு ஒரு தெம்பு.

பரிச்சை நேரமாச்சும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. காலையில பத்து மணிக்கு ஆரம்பம். மொதப் பத்து நிமிசம் கேள்வித்தாளைப் படிக்கறதுக்கு, அடுத்த அஞ்சு நிமிசம் விவரம் நெப்பறதுக்கு. அதுக்கப்பறம் மூணு மணி நேரம் எழுதி ஒன்னேகாலுக்குத்தான் வெளிய வருவான். போன வருசம் உங்க பங்காளி ஒருத்தரு பன்னண்டரைக்கே வண்டியைக் கொண்டு போயி கேட்டுக்கு முன்னாடி நிறுத்தி, ஆரனை அமுக்கிக்கிட்டே இருந்தாராமா. உள்ள நானூறு புள்ளைங்களுக்குக் கணக்குப் பரிச்சை.

உங்க ஊட்டு அம்மிணியையும் சும்மா உடக்கூடாதுங்க. சின்னது எட்டாவது படிக்குது, ஆண்டு விழா நாடகத்துல வேசங்கட்டுச்சு. அந்தச் சேதி அம்மிணிக்கு எப்பத் தெரிஞ்சுது? பொட்டியில இருந்த கல்யாணச் சீலையைக் காணமேன்னு தேடுனப்ப. சீலை மேடையில இருந்துது, அம்மிணி பொடக்காலியில இருந்துது. புள்ளை ரெண்டு வாரமா மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கிட்டே வசனம் சொல்லிப் பழகியிருக்குது. எருமை கேட்டுது. ஊட்டுல வேற ஆரும் கேக்கலை.

மார்க்குன்னா எல்லாரும் அலறி அடிச்சுட்டு ஓடறாங்க, ஓட்டப்பந்தயம்னா ஆருக்கும் காது கேக்கறதில்லை. பன்னண்டாவதுக்காரனை விளையாட்டு விழாவுக்குக்கூட உடாம ரூமுக்குள்ள உக்கார வெச்சுப் படிக்கச் சொல்றது எனக்குப் புடிக்கவே இல்லீங், சொல்லிப்போட்டேன். மைதானத்துல விசில் சத்தம் கேக்குது, இவன் பொஸ்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு சன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கறான். அதுக்கு ஒரு மணி நேரம் ஓட உட்டாத் தேவலை. வழியனுப்பு விழாவுக்கு வேட்டி கட்டிக்கிட்டுப் போவான், கட்டத் தெரியாம பெல்ட்டுப் போடுவான். நீங்க பக்கத்துல நின்னு கட்டி உடலாம். அன்னைக்கும் உங்களுக்கு வாய்க்கால்ல மொறைத் தண்ணி.

செரி, சேதி வேணும்னே வெச்சுக்குவோம். ஒரு வழி சொல்றேன், காசு செலவில்லை. பையன் உள்ள வந்ததும் "மார்க்கு எத்தனை?"ன்னு கேக்கறதை ஒரு பத்து நாளைக்கு நிறுத்திப் பாருங்க. "தொடரோட்டத்துல குச்சியைக் கீழ போட்டது ஆருடா?"ன்னு கேளுங்க. மொத நாளு உங்களை ஒரு மாதிரிப் பாப்பான், அப்பனுக்கு நெசமாவே காச்சலோன்னு. ரெண்டாம் நாளு ஒரு வார்த்தை சொல்லுவான். நாலாம் நாளு குச்சியைக் கீழ போட்டவன் கதையில ஆரம்பிச்சு, வாத்தியாரு திட்டுனது, அப்பாவைக் கூட்டீட்டு வரச் சொன்னது, இவன் சொல்லாம மறைச்சது எல்லாம் வரிசையா வரும். அந்த எடத்துலதான் உங்க சாமர்த்தியம் இருக்குது. கோவமே படாதீங்கன்னு சொல்ல மாட்டேன், உங்க கொணம் எனக்குத் தெரியும். கால் மணி நேரம் தள்ளிப் போடுங்க. கட்டுத்தரைக்குப் போயி அந்தக் காளையைத் திட்டீட்டு வாங்க, அது உங்க கையெழுத்துப் போடாது. உண்மையைச் சொன்ன மொத நாளே மொத்துனீங்கன்னா, அடுத்த சேதி உங்களுக்கு ஆடி மாசந்தான் வரும்.

டீச்சரம்மாவும் அப்பிடித்தானுங்க. கொறை சொல்றதுக்கு மட்டும் போனைப் போட்டா எந்த அப்பன் எடுப்பான்? "உங்க பையன் இன்னைக்கு மரத்துக்குத் தண்ணி ஊத்துனான்"னு ஒருக்காச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, மறுபடியும் மணி அடிச்சா ரெண்டாவது மணிக்கு எடுத்துருவீங்க. ஆனா அம்பது பசங்க இருக்கற வகுப்புல, விடைத்தாளும் திருத்தீட்டு, கணக்கெடுப்பும் எழுதீட்டு, அந்தம்மா அம்பது ஊட்டுக்குப் போன் போடோணும்னு எதிர்பாக்கறதும் ஞாயமில்லை. நாமதான் ஒரு எட்டுப் போகோணும்.

அப்பறம், வர்ற வெள்ளிக்கெழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமாமா. அந்தக் குழுவுல முக்காப்பங்கு பெத்தவங்க இருக்கோணும், பாதிப்பேரு பொம்பளைகளா இருக்கோணும்னு 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. அப்பிடித்தான் அம்மிணி பேரு அதுல ஏறுச்சு. போன தடவை அம்மிணிக்குப் பதிலா நீங்க போய் உக்காந்து, டீயும் போண்டாவும் தின்னுட்டு, என்ன பேசுனாங்கன்னு கேட்டா "ஏதோ கக்கூசு பத்தி"ன்னு முடிச்சுட்டீங்க. எட்டாவது படிக்கிற புள்ளைக்கு அந்தக் கக்கூசுல தண்ணி வருதா, கதவுல தாப்பா இருக்குதாங்கறது எத்தனை பெரிய சேதின்னு அம்மிணிக்குத்தான் தெரியும். இந்தத் தடவை அம்மிணியே போகட்டும், சோடியா இன்னும் ரெண்டு பொம்பளைகளையும் கூட்டீட்டுப் போகட்டும். நீங்க எருமைக்குத் தண்ணி காட்டீட்டு, மத்தியானச் சோத்துக்கு ஒலையையும் வெச்சுருங்க. கூட்டம் முடிய ஒன்னரை மணி ஆயிருமாமா.