விமான மூக்கும் உபயப் பலகையும்

கேள்வி: பள்ளி விளையாட்டுக் குழுவுக்குப் பந்தும் சீருடையும் வாங்கப் பெற்றோர் சிலர் நிதி திரட்டுகிறோம். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமலிருப்பதே மரியாதை என்கிறார்களே?
(ஒரு தகப்பனார், லம்பா லைன், போர்ட் பிளேர்)

பதில்: அப்படிச் சொல்பவரிடமே முதலில் கணக்குக் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும், பாதி இடத்தைப் பெண்களுக்கும் அளித்ததோடு, அரசு மானியம் எவ்வாறு செலவாகிறதென்று கண்காணிக்கும் பொறுப்பையும் அக்குழுவின் தலையிலே சுமத்தியிருக்கிறபடியால், சர்க்கார் பணத்துக்கே கணக்குக் கேட்க அருகதையுள்ள தாங்கள் சொந்தப் பணத்துக்குக் கேட்கக் கூசுவது எந்தச் சாஸ்திரத்திலும் சேராது.

கேள்வி: மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், மூன்று இறக்கைகளிலும் தம் பெயரை எழுதச் சொல்கிறாரே?
(ஒரு தாயார், போர்ட் பிளேர்)

பதில்: தாராளமாக எழுதுங்கள். சுழலும்போது பெயர் தெரியாது; பெயர் தெரிய வேண்டுமானால் விசிறியை நிறுத்த வேண்டும்; அப்போது வகுப்பு முழுவதும் வியர்வையோடு அண்ணாந்து பார்த்து அவரை ஸ்மரிக்கும். காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்திய காலத்தில் கூட்டப்பட்ட பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கரும்பலகை முதல் கட்டடம் வரை ஊராரே வாரி வழங்கினார்கள். வழங்கியவர் பெயரையெல்லாம் காலம் அழித்துவிட்டது; படித்தவர்கள் மிஞ்சினார்கள்.

கேள்வி: இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்தின் மூக்கில் சுறா வாயையும் அழகிகளையும் தீட்டினார்களாமே, பகைவன் பயந்தானா?
(ஒரு மாணவன், லம்பா லைன்)

பதில்: சுறாவின் பல்லை எண்ணும் தூரத்துக்குப் பகைவன் வந்துவிட்டால், அவனுக்குப் பீரங்கியே போதிய பயத்தைத் தந்திருக்கும். சித்திரம் வேண்டியிருந்தது உள்ளே ஏறிய இளைஞர்களுக்கு. திரும்பி வருவோமா என்று தெரியாதவனுக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் துணையாயின. ‘மெம்பிஸ் பெல்’ என்பது ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு அதன் விமானியின் காதலியை நினைத்து வைத்த பெயர். ‘எனோலா கே’ விமானி பால் டிபெட்ஸின் தாயார் பெயர். அதைத் தாங்கிய விமானந்தான் 1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டைப் போட்டது. தாயாரைக் கௌரவிக்க வேறு நல்ல வழிகள் உண்டு, தம்பி.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளே விமானம் வாங்கிக் கொடுத்ததுண்டா? நம்மவர்கள்?
(அதே மாணவன்)

பதில்: இரண்டும் உண்டு. அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்து சௌத் ஹைஸ்கூல் மாணவர்கள் 1943-இல் 3,75,000 டாலருக்கு யுத்தப் பத்திரம் விற்று, ஒரு குண்டுவீச்சு விமானத்துக்குத் தங்கள் பள்ளியின் பெயரைச் சூட்டச் செய்தார்கள். பிரிட்டனில் 1940-இல் 5,000 பவுன், அதாவது அக்காலத்து மாற்று விகிதப்படி 66,000 ரூபாய்க்குச் சற்று மேல், கொடுத்தவருக்கு ஒரு ஸ்பிட்ஃபயரின்மீது பெயர் எழுதும் உரிமை கிடைத்தது. நம் மாகாணமும் மனமுவந்தும், அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தும் யுத்த நிதி அளித்தமையால், பிரிட்டிஷ் விமானப் படையின் 264-ஆம் பிரிவுக்கு ‘மதராஸ் பிரஸிடென்ஸி’ என்றே பெயராயிற்று. அதே 1940-இல், இந்த யுத்தத்துக்கு ஆளோ பணமோ தருவது தவறென்று பேசிய சத்தியாக்கிரகிகளுக்குச் சிறை கிடைத்தது. அவர்கள் பெயரை எந்த மூக்கிலும் எழுதவில்லை.

கேள்வி: எங்கள் லம்பா லைன் ஓடுதளத்துக்கு யார் உபயம்?
(முதல் கேள்வி கேட்ட தகப்பனார்)

பதில்: 1942 முதல் 1945 வரை அந்தமான் தீவுகளை ஆண்ட ஜப்பானியர் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிய தீவு மக்கள் உபயம். 1943 டிசம்பர் 29-இல் நேதாஜி இங்கே வந்திறங்கியது சரித்திரம். விமான நிலையம் சாவர்க்கர் பெயரைத் தாங்குவதும் சரித்திரம். மண் சுமந்தவர்களோ கூலியே கேட்க முடியாதவர்கள், பலகையா கேட்டிருப்பார்கள்? ஆகையால் தங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள்: சீருடையில் பள்ளியின் பெயரும் பிள்ளையின் எண்ணும் இருக்கட்டும்; கொடுத்தவரின் பெயர் ரசீதில் இருந்தால் போதும். அந்த ரசீதை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.