சூதானமாக் கழட்டு, பேராண்டி

வாய்யா பேராண்டி. கையில சுத்தியலு, இடுப்புல ஸ்க்ரூ டிரைவரு. காருக் கண்ணாடியைக் கழட்டப் போறியா, களவாங்கப் போறியா? விடியுமுன்னாடி போடிமெட்டுக்கு ஆளேத்திட்டுப் போகுதே தோட்டத்து ஜீப்பு, அதுல இந்த ரோதனையே இல்ல. படுதாவை அவுத்து ஒதறுனா வேலை முடிஞ்சது. ஐயாவுக்குத்தான் அம்பாசடரு வேணுமே! அதைச் செஞ்ச உத்தரபாரா கம்பெனி 2014-லயே ஓட்டத்தை நிப்பாட்டிருச்சு. ஒடைச்சா, மதுரையில பழைய சாமான் கடை கடையா நீதான் ஏறி எறங்கணும்.

மொதல்ல அந்தச் சுத்தியலை உங்க அப்பத்தாட்ட குடு, சுக்குத் தட்டட்டும்.

கதவுக் கண்ணாடி டஃபன் கிளாஸுப்பா. 600 டிகிரிக்கு மேல காச்சி, சட்டுனு காத்தடிச்சு ஆத்துவாக. மேலாக்க இறுகிப்போயும் உள்ளாக்க இழுத்துப் பிடிச்சும் நிக்கும். உங்க மாமன் கொணந்தான். நேருக்கு நேரா எவ்வளவு வஞ்சாலும் தாங்குவாரு. ஓரஞ்சாரமா ஒரு குத்துப் பேச்சு விழுந்தாப் போதும், பொலபொலன்னு உதுந்துருவாரு. அதனால ஓரத்துலயும் மூலையிலயும் இரும்பு படக் கூடாது.

ஏத்தி எறக்குற கைப்பிடிய பாத்துக் கழட்டு. சிலதுல ஸ்க்ரூ, சிலதுல பின்னு, சிலதுல கிளிப்பு. என்னன்னு தெரியாம இழுத்தியோ, கைப்பிடி வரும், பல்லும் சேந்து வரும். அப்பறம் டோர் பேடு. ரெக்ஸினுக்குப் பின்னாடி இருக்க அட்டை ஈரத்துல ஊறி அப்பளமாக் கெடக்கும், ஒவ்வொரு கிளிப்பா நெம்பு.

உள்ள எட்டிப் பாரு. மேட்டுப் பனியும் சாரலும் வருஷக்கணக்கா எறங்கி, கதவடியில தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் மண்ணடைச்சுக் கெடக்கும். குத்தி விடு. ரெண்டு ஏலக்கா கெடந்தாலும் கெடக்கும், விட்றாத. 2019-ல கிலோ 7000 வரைக்கும் ஏலம் போன சரக்கு.

இப்பக் கைப்பிடியைச் சும்மா மாட்டி, கண்ணாடிக்கு அடியில இருக்க சேனலு, கதவோட உள்தகட்டுல இருக்க ஓட்டைக்கு நேரா வர்ற வரைக்கும் சுத்து. கண்ணாடிக்கு மரக் கட்டையை அண்டக் குடு. அதை மறந்துட்டு கண்ணாடியை ஏத்தி எறக்குற மெஷினுக் கையை சேனல்லருந்து நகட்டுனேனு வையி, கண்ணாடி தொபுக்கடீர்னு உள்ள விழும்; அப்பறம் கழட்ட வேண்டியதில்ல, அள்ள வேண்டியதுதான். முன்கதவுல முக்கோணக் கண்ணாடி இருந்தா, பக்கத்துல நிக்கிற கம்பியோட ஸ்க்ரூவையும் எளக்கிக்க. காஞ்ச பீடிங்குல சோப்புத் தண்ணி விட்டு ஊற வையி. பெட்ரோல் ஊத்துனா ரப்பரு ஊதிப்போகும்.

ஊறட்டும், அது வரைக்கும் ஒரு டீயைக் குடி. அதுக்குப் பெறகு ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஒரு பக்கம் சாச்சு, மேலாக்கத் தூக்கு. எங்கயாச்சும் பிடிக்குதா? பலத்தைக் காட்டாத, கீழ எறக்கித் திரும்பப் பாரு.

வெளிய வந்ததும் சிமெண்டுத் தரையில வச்சுப்புடாத, சாக்கை விரி. வெறுஞ்சாக்குய்யா! ஏலக்கா ஆயுற சாக்கை எடுத்தியோ, கண்ணாடி தப்பிக்கும், உங்க அப்பன்ட்ட நீ தப்ப மாட்ட.