மூன்று வருசத்துக்குத்தான்

விற்கிறவர் “இனி ஆயுளுக்கும் கவலை இல்லை” என்று சொன்னால் போதும், என் கை தானாகவே காசோலைப் புத்தகத்தைத் தேடும். கனடாவில், மார்க்கம் நகரில் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஷிங்கிள்ஸ் மாற்றியது அப்படித்தான். வாழ்நாள் உத்தரவாதப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்தேன், வாசிக்கத்தான் இல்லை. ஒரு மாசி மாதம் கூரை விளிம்பில் பனி இறுகி, மேலே உருகிய தண்ணீர் வடிய வழியில்லாமல் ஷிங்கிள்ஸுக்கு அடியால் புகுந்து சுவாமி அறைக்குள் சொட்டியபோதுதான் வாசித்தேன். கூரையின் உட்பக்கத்துக்குக் காற்றோட்டம் இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாதாம். ஏறிப் பார்த்தால் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள். அடுக்கியவன் நான்.

“உதுகளை எறியச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்?” என்றாள் மனுசி. எப்படி எறிவது? திரும்பிப் போகும்போது தேவைப்படுமே!

தபால் முத்திரைக் கதையும் உண்டு. கனடா போஸ்ட் 2006 நவம்பரில் விலை அச்சிடாத முத்திரையை விற்கத் தொடங்கியது. அன்றைக்கு 51 சதம். பிறகு எவ்வளவு ஏறினாலும் உள்நாட்டுக் கடிதத்துக்கு அதே முத்திரை போதும். நான் விடுவேனா? வாங்கிக் குவித்தேன். 2025 ஜனவரியில் புத்தகமாக வாங்கினாலே ஒன்று 1 டொலர் 24 சதம் ஆனபோது, என் வாழ்க்கையிலேயே லாபம் தந்த முதலீடு இதுதான் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். மகன் ஒன்றுதான் கேட்டான்: “அப்பா, நீங்கள் ஆருக்குக் கடிதம் எழுதுறனீங்கள்?” கனடாவுக்குள் எனக்குக் கடிதம் எழுத ஒருவருமில்லை. யாழ்ப்பாணத்துக்கு எழுதலாமென்றால் அதற்கு ஒரு முத்திரை காணாது; அக்காவும் வட்ஸ்அப்பில் இருக்கிறா.

இதிலெல்லாம் பெரிய கூத்து என் ‘லாண்டட் பேப்பர்’. நிரந்தர வதிவிடம் கிடைத்த நாளில் அதைக் கசங்காமல் லாமினேட் செய்தேன். அதில் காலாவதித் தேதி கிடையாது. கூட வந்தவர்களெல்லாம் குடியுரிமை எடுத்தார்கள். ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு அது எதற்கென்று நான் இழுத்தடித்தேன். 2002இல் புதிய குடிவரவுச் சட்டம் வந்தது, பி.ஆர். கார்டும் வந்தது. நிரந்தர வதிவாளர்தான், ஆனால் கார்ட் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும். 2003 முடிந்த பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பி வர என் லாமினேட் தாள் உதவாது. கடைசியில் படம் பிடித்து, படிவம் நிரப்பி, வரிசையில் நின்றேன்.

மார்க்கத்தில் எனக்குத் தெரிந்து காசு போட்டு உறுதிப்படுத்திய நிரந்தரம் ஒன்றுதான். கத்தோலிக்க நண்பர் ஒருவர் தனக்கும் மனைவிக்கும் கல்லறை நிலம் வாங்கியிருக்கிறார். ஒன்ராறியோ சட்டப்படி அந்த விலையில் 40 வீதம் பராமரிப்பு நிதிக்குப் போகிறது. அந்த மூலதனத்தில் கை வைக்கக் கூடாது. அதன் வருமானத்தில்தான் புல் வெட்ட வேண்டும். என் கூரைக்கு இப்படியொரு சட்டம் இல்லையே என்று பொறாமையாக இருந்தது. என்னை எரிக்கத்தான் போகிறார்கள், அந்தச் சலுகையும் எனக்கில்லை.

ஆனால் கொஞ்ச நாளைக்கு என்று வந்தவை அசையவே அசையாது. எங்களைப் பெட்டி கட்ட வைத்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ இருக்கிறது. 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். நாற்பது வருடம் தாண்டியும் அது நின்றது. நானும் அதே கணக்கில்தான் புறப்பட்டேன்: “ஒரு மூண்டு வருசம், பிறகு வந்திடுவன்” என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை என்பது இப்போது விளங்குகிறது. நான் நம்பினேன், பெட்டிகளே சாட்சி.

கனடாவும் லேசுப்பட்டதல்ல. இங்கே மத்திய அரசின் வருமான வரி 1917இல் முதலாம் உலகப் போர்ச் செலவுக்கென்று வந்தது. போர் அடுத்த வருடமே முடிந்தது. இந்த ஏப்ரலில் படிவத்தைக் கணினியில் அனுப்பித் தருகிறேன் என்றான் மகன். நான் விடவில்லை. தாளில் நிரப்பி, உறையிலிட்டு, 51 சத முத்திரைகளோடு தபால் கவுண்டருக்குப் போனேன். பாரம் கூட, ஒன்று காணாது என்றார்கள். அவர்கள் கேட்டதற்கு மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.