கன்னக்கோலுக்கு ஒரு கையேடு

கே: என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ராத்திரி முழுக்க ‘ஹேக்கிங் படிக்கிறேன்’ என்கிறான். வீட்டுக்குப் போலீஸ் வருமா?

ப: எந்தக் கதவைத் தட்டுகிறான் என்று பாருங்கள். ஓவர்தவயர் என்ற தளத்தில் ‘பேண்டிட்’ என்றொரு விளையாட்டு உண்டு. உள்ளே நுழைந்து பழகட்டும் என்றே திறந்துவைத்த சர்வர். ஒரு நிலையில் ஒளிந்திருக்கும் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். ஆரம்பத்திலேயே ஒரு குறும்பு: கோப்பின் பெயரே வெறும் சிறுகோடு. கோப்பைத் திறந்து காட்டும் ‘கேட்’ கட்டளைக்குப் பின்னால் அந்தக் கோட்டைப் போட்டால் கோப்பு திறக்காது. நீங்கள் ஏதோ தட்டச்சு செய்யப்போகிறீர்கள் என்று கணினி காத்திருக்கும். பையனும் காத்திருப்பான். திரையை வெறித்தபடி இருப்பவனைக் கண்டு காதல் தோல்வி என்று பதறாதீர்கள். கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் தீர்ந்தது. இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். விடையைச் சொல்லாமல் ‘கையேட்டைப் படி’ என்று விரட்டுவதுதான் அந்த வட்டாரத்து வாத்தியார்களின் வழக்கம்.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் மோசடி எண்ணத்தோடு புகுந்தால் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66: மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கே: உடைக்கும் வித்தையை ஊரறியச் சொல்லிக் கொடுப்பது திருடன் கையில் சாவி கொடுப்பது ஆகாதா?

ப: சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பார்த்த காவலர்கள், ‘இவன் கள்வன் மாதிரித் தெரியவில்லையே’ என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் களவு நூலைப் பிரித்துவைத்துப் பாடம் நடத்துகிறான்: மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று கள்வருக்கு எட்டுத் துணைகளாம். சிலம்பைத் திருடியவனே அவன்தான்! காவலருக்குப் பாடம் சொல்லக் கள்ளனே வந்து நின்றதுதான் அங்கே விபரீதம்.

கள்ளன் அல்லாதவரே வித்தையைக் காட்டிய கதையும் உண்டு. லண்டனில் பிராமா நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறுபது வருடத்துக்கும் மேலாகக் கடை ஜன்னலில் சவால் விட்டுக்கொண்டிருந்தது. 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். ‘இப்படி வெளியே சொல்லலாமா?’ என்று அன்றும் இதே கேள்விதான் எழுந்தது. திருடர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும், பூட்டு வாங்குகிறவனுக்குத்தான் தெரியாது என்பது அவர் தரப்பு.

கே: கணினியை உடைக்கும் வித்தையை அப்படி வெளிப்படையாக எழுதிவைத்த கட்டுரை எது?

ப: 1996 நவம்பரில் ‘பிராக்’ மின்னிதழின் 49ஆம் இதழில் அலெஃப் ஒன் என்ற புனைபெயரில் வந்தது. ஒரு நிரலில் 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. நிரல் அளந்து பார்க்காமல் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் 536 அனுப்பினால் மிச்சம் எங்கே போகும்? பக்கத்து நினைவகத்தில் வழியும். ‘வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற முகவரி அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் உங்கள் முகவரியை எழுதிவிட்டால், கணினி உங்கள் வேலைக்காரன்.

இந்த 512, 536 என் கற்பனை அல்ல. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய, கணினிக்குக் கணினி தானே பரவும் ‘மாரிஸ் புழு’ என்ற நிரலின் கணக்கு. உடைத்தவருக்குத் தெரிந்த வித்தை, எவரும் படித்துச் செய்துபார்க்கும் பாடமாக வரச் சுமார் எட்டு வருடம் ஆயிற்று. பாடம் வந்த பிறகு, 1998 ஜனவரிக்குள் ஸ்டாக்கார்ட் என்ற தடுப்பு வந்துவிட்டது. அந்தத் திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு மதிப்பை வைத்து, அது கலைந்திருக்கிறதா என்று பார்க்கும் யோசனை.

கே: புழுவை எழுதிய மாரிஸ் என்ன ஆனார்?

ப: மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். படித்தது கார்னலில், தடயம் தெரியாமலிருக்கப் புழுவை எம்.ஐ.டி. கணினியிலிருந்து ஏவினார். பிற்பாடு பேராசிரியர் ஆனதும் அதே எம்.ஐ.டி.யில்தான்.

கே: அப்படியானால் எல்லாவற்றையும் பகிர்ந்துவிடலாமா?

ப: ஓட்டையைக் கண்டவர் முதலில் நிறுவனத்துக்குச் சொல்வது மரியாதை. கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு 90 நாள் தவணை தருகிறது. தவணை இல்லாவிட்டால் சில நிறுவனங்கள் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டா. விளக்கம் ஏதுமில்லாமல் ‘இந்தப் பட்டனை அமுக்கு’ என்று கருவியை மட்டும் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அமுக்கியவன் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை.

கே: ஹேக்கர் மாநாட்டுக்குப் போனால் பர்ஸ் பத்திரமா?

ப: பர்ஸ் பத்திரம். வைஃபையை அணைத்துவிடுங்கள். 1993 முதல் நடக்கும் டெஃப்கான் மாநாட்டில் ‘ஆட்டுமந்தைச் சுவர்’ என்று ஒரு திரை. பாதுகாப்பில்லாமல் இணையத்தில் நுழைந்தவரின் பெயரும், பாதி மறைத்த கடவுச்சொல்லும் அதில் ஓடும். கூட்டத்தில் மஃப்டியில் நிற்கும் அரசு அதிகாரியைக் கண்டுபிடித்தால் டி-ஷர்ட் பரிசு தந்ததும் உண்டு. அகப்பட்ட அதிகாரிக்கும் ஒன்று கிடைத்தது.

கே: என் மனைவியின் முகநூல் கணக்கைத் திறக்க ஒரு வழி சொல்லுங்கள். (பெயர், ஊர் வேண்டாம்.)

ப: பெயரும் ஊரும் போடவில்லை. ஆனால் உறையில் தபால் முத்திரை பளிச்சென்று இருக்கிறது. உங்கள் கையெழுத்தை அடையாளம் காணக்கூடிய ஒருவருக்கே கடிதத்தை அனுப்பிவைக்கலாமா என்று யோசிக்கிறேன்.